சத்தத்தை விழுங்கும் நாய்க்கு ஒரு வீடு

காவிரியில் தண்ணீர் வற்றினாலும் தறிச் சத்தம் வற்றாத எங்கள் ஊரில், பழனியப்பன் முதலாளியின் பட்டறையில், அங்கேயே கிடக்கிற ஒரு நாய்க்கு ஓடுகிற தறிக்கு அடியில் பஞ்சுக் குப்பைக்குள் பிறந்து, கண் திறப்பதற்கு முன்பே காது அடைந்துபோன ஒரு செம்பட்டைப் பெட்டை நாய் இருந்தது. செவத்தா என்று பேர். கூப்பிட்டால் திரும்பாத நாய்க்குப் பேர் எதற்கு என்றால், கூப்பிடுகிறவர்களுக்கும் வாயில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா. நாய் வளர வளர அதன் செவிடும் கூடவே வளர்ந்தது. வளர்ந்து, உடம்புக்குள் அடங்காமல், குடத்தில் நிரம்பிய தண்ணீர் வாய் தாண்டி வழிகிற மாதிரி வெளியே வழிந்து, ஐப்பசி மாதத்தில் ஒரு காலை ஷிப்ட் மாறுகிற நேரத்தில், அது பட்டறைக்கு நடுவே வந்து முடங்கிப் படுத்தபோது, அதைச் சுற்றி ஒரு வீட்டு அகலத்துக்குச் சத்தம் என்பதே இல்லாமல் போனது.

தறிகள் ஓடின. ஊடு நூலைச் சுமக்கிற நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்தது, பலகை அடித்தது, துணி ஏறியது, சத்தம் மட்டும் இல்லை. நாய் எழுந்து சுவரோரம் போனால் சத்தமின்மையும் எழுந்து சுவரோரம் போனது. நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எங்களுக்கு அதனால் பேச்சு ஒன்றும் தடைப்படவில்லை, ஏனென்றால் தறி ஓடுகிற இடத்தில் யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை. உதட்டை அகல அசைத்து, விரலையும் புருவத்தையும் சேர்த்துப் பேசுகிற பட்டறைப் பேச்சு ஒன்று தறிக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்துவிடும். ஆகவே அன்றும் நாங்கள் எப்போதும் போலப் பேசிக்கொண்டோம். முதலாளி வந்தார், துணியைத் தடவிப் பார்த்தார், வாயை அசைத்தார்: "துணி வருதில்ல? அப்பறம் என்ன, ஓட்டுங்க."

ஆனால் தறி ஓட்டுகிறவனுக்குக் கண்ணுக்கு முன்னால் காதுதான் வேலை செய்கிறது. இழை அறுந்தால் தறி தாளம் மாறும், நூல் தீர்ந்தால் நாடா வேறு மாதிரி உறுமும். அது எதுவும் கேட்காமல் நாங்கள் ஓட்டிய துணி, வியாபாரி விரித்துப் பார்த்தபோது, அம்மை வார்த்த முகம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. முதலாளி கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "அந்தக் கெரகத்த வெளிய முடுக்குங்கடா, இல்லீன்னா மண்டைய ஒடச்சுப்போடுவன்" என்றார்.

அப்போது நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் பாவாயி. எங்கள் பட்டறையில் தார் போடுகிறவள், அதாவது நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல்களில் நூல் சுற்றித் தருகிறவள். என் லைன் வீட்டுக்கு அடுத்த லைன் வீடு. குட்டியாக இருந்தபோதிருந்து தன் சோற்றுப் போசியில் பாதியை அந்த நாய்க்கு வைத்தவள் அவள்தான். அவள் புருஷன் அர்த்தநாரி பஞ்சைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சு பழுதாகிக் கட்டிலோடு கிடந்தான். பேச மூச்சுப் போதாது. ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் காலில் தட்டுவான். அந்த டம்ளர்ச் சத்தம்தான் அவர்களுக்குள் மிச்சமிருந்த தாம்பத்தியம்.

நாய் லைன் வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஜனம் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று சொல்ல வேண்டும், சொல்லும்போதே எனக்கு வாயில் கசப்பு ஊறுகிறது. இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற ஜனம் நாங்கள். குழந்தை அழுகைக்கும் குழாயடிச் சண்டைக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும் நடுவே பல வருஷமாகத் தூக்கத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றவர்கள். செவத்தா யார் வாசலில் படுத்ததோ அந்த வீட்டுக்காரன் செத்தவன் மாதிரி தூங்கி, மாலையில் மாப்பிள்ளை மாதிரி எழுந்தான். முதல் கொஞ்ச நாள் எல்லோரும் நாயைத் தடவிக் கொடுத்தோம். அப்புறம் என் வாசலில்தான் படுக்க வேண்டும் என்று ஒருத்தன் கறி எலும்பு போட்டான். இன்னொருத்தன் அந்த எலும்பில் சீமெண்ணெய் ஊற்றினான். கடைசியில் எவனோ ஒரு புண்ணியவான் நாயைத் தன் கட்டில் காலோடு கட்டுக் கம்பியால் கழுத்தில் சுருக்கிட்டுக் கட்டிவிட்டுத் தூங்கிப்போனான், தூக்கம் அவ்வளவு நன்றாக இருந்ததால் அவிழ்க்க மறந்துபோனான், கம்பி சதைக்குள் இறங்கி, புண் வைத்து, புண்ணில் புழு வைத்து, நாய் ஊளையிட்டிருக்கும்தான், ஆனால் அதன் ஊளையும் அதன் அமைதிக்குள்ளேயே போய்விட்டது. பாவாயி கண்டுபிடித்தபோது அந்த நாற்றத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் எட்டியிருந்து பார்த்தார்கள். அவள் மட்டும் குந்தி உட்கார்ந்து, ஊக்கு முனையால் ஒவ்வொரு புழுவாக எடுத்து, வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து அப்பினாள்.

"இனிமே எங்கூட்டு வாசல்லயே கெடக்கட்டும், எவனாச்சும் தொட்டீங்கன்னா கைய முறிச்சுப்போடுவேன்" என்று உதட்டை அகல அசைத்தாள்.

அவள் வாசலில் கிடந்தது. அவள் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு குடம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், அர்த்தநாரி இருமலோடு கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, விழுந்த இடத்திலிருந்து டம்ளரைத் தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கும் கேட்கவில்லை. அவள் உள்ளே வந்தபோது தன் கோழையிலேயே முகம் பதிந்து, நீலம் பாரித்துக் கிடந்தான். தூக்கி உட்காரவைத்து முதுகைத் தட்டியதில் மூச்சு வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கே பாவாயி என்னிடம் வந்து, "ஏனுங்ணா, இதுக்கு ஒரு நல்ல வீடாப் பாத்துருங்ணா. நான் வெச்சிருந்தா இவரு போயிருவாரு. தெருவுல விட்டா இது போயிரும்" என்றாள். இரண்டு உயிரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் மாதிரி இருந்தாள்.

நாங்கள் தேட வேண்டியிருக்கவில்லை. வீடே எங்களைத் தேடி வந்தது. ஆற்றுப் பக்கம் பூங்கா வீதி என்று ஒன்று உண்டு. மாடி வீடுகள், வாசலுக்கு வாசல் ஓடு பதித்த தெரு, சாயப்பட்டறைக் கழிவு ஓடுகிற வாய்க்காலை மூடிச் சிமெண்டுப் பலகை போட்டு அதன் மேல் துளசிச் செடி வைத்திருப்பார்கள். அங்கிருந்து மருந்துக்கடைக்காரர் சம்சாரம் தெய்வானை, இன்னும் ஐந்தாறு பேரோடு, பிஸ்கட் பாக்கெட்டும் புதுக் கழுத்துப் பட்டையுமாக வந்து, பாவாயியை நாய்க்கு எட்டத்தில் கூப்பிட்டு வைத்துப் பேசினாள்.

"நாய எங்க வீதிக்குக் குடு பாவாயி. முறை வெச்சுச் சோறு போடறோம். மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிப் புண்ண ஆத்தறோம். நூல் வியாபாரம் பண்றாரே சாமியப்பன், அவரு வீட்டுப் போர்டிகோவுல கெடக்கட்டும்."

"அவரு வீட்டுலதான்னு என்னுங்க்கா?"

"அங்கதாம்மா எடம் விஸ்தாரம்" என்றாள் தெய்வானை. கூட வந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். அவ்வளவு ஒற்றுமையாகத் தலையாட்டியபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாமியப்பன் பேர் கெட்ட ஆள் இல்லை. மாரியம்மன் பண்டிகைக்கு அன்னதானம் அவருடையதுதான். யாரிடமும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார், அதுவும் மெதுவாக. பாவாயி சந்தோஷமாகக் கொடுத்தாள். பூங்கா வீதியில் நாய்க்கு மாலை போட்டார்கள், நெற்றியில் குங்குமம் வைத்தார்கள், சாந்தி என்று பேர் மாற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள். போர்டிகோவில் மெத்தை போட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீதி முழுக்கச் சீக்கிரம் தூங்கி எழுந்தது, ரத்தக்கொதிப்பு இறங்கியது, பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கினார்கள், இப்படி ஒரு நாய் நம் வீதிக்குக் கிடைத்தது பூர்வ ஜென்ம பலன் என்று பேசிக்கொண்டார்கள்.

புண் ஆறியதா என்று பார்க்க பாவாயி கிளம்பிய அன்று, என் சைக்கிளில்தான் அவளைக் கூட்டிப்போனேன். நாய் கொழுத்திருந்தது. கழுத்தில் முடி முளைத்திருந்தது. பாவாயி கேட்டைத் திறந்து அந்தச் சத்தமற்ற வட்டத்துக்குள் காலெடுத்து வைத்து, அதன் வயிற்றைச் சொறிந்துவிட்டு நிமிர்ந்தபோது, ஜன்னல் கம்பிக்கு உள்ளே ஒரு பெண் நின்றாள். சாமியப்பனின் மனைவி செல்வராணி. ஒரு கண் வீங்கி, பழுத்த நாவல்பழம் மாதிரி மூடியிருந்தது. வாயோரம் காய்ந்த ரத்தம். அவள் உதட்டை அகல அசைத்து, விரலை மடக்கி நீட்டி, பட்டறைப் பேச்சில் பேசினாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் வீட்டில் தறி ஓட்டியவள், மறக்கவில்லை.

"நாயக் கொண்டு போயிருங்க்கா" என்றாள்.

பாவாயி கையை அசைத்தாள்: "அவனா?"

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து. முந்தியெல்லாம் நான் கத்துனா ஊரு கேக்குமேன்னு கையக் கொஞ்சம் மடக்குவான். இப்பக் கத்தறது எனக்கே கேக்கறதில்லீங்க்கா. நான் கத்தறனா இல்லையான்னே தெரியறதில்லை."

நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டிருந்தான், எங்கேயோ குக்கர் விசில் அடித்தது, எனக்கு முன்னால் அந்தப் பெண்ணின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

பாவாயி நேராகத் தெய்வானை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க்கா, அந்தப் புள்ளையப் போட்டு அந்த அடி அடிக்கறானே, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெய்வானை அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தெரியாம என்ன. கல்யாணமாகி வந்ததுல இருந்து அதுதானே. சாயங்காலமானா அவ கத்தற கத்துல இங்க ஒரு வாய் சோறு எறங்காது. எங்க சின்னவ பரீட்சைக்குப் படிக்க முடியாம என்ன பாடு பட்டான்னு உனக்குத் தெரியுமா? எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குது, அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. எத்தனை நாளைக்கு நாங்களும் தாங்கறது?"

"அதுக்குன்னுதான் நாயக் கேட்டீங்களா?"

"பின்ன? மெனக்கெட்டுக் கூட்டம் போட்டுப் பேசியில்ல முடிவு பண்ணுனோம்." அவரைத் தோலை முறத்திலிருந்து தட்டினாள். "நீ கொஞ்சம் யோசனை பண்ணிப் பாரு பாவாயி. நாயக் கொண்டு போனா அடி நின்னுருமா? நிக்காது. சத்தம்தான் திரும்ப வரும். அதனால யாருக்கு என்ன லாபம், சொல்லு."

அவள் கெட்டவள் மாதிரி பேசவில்லை, அதுதான் அருவருப்பு. காய்கறி விலை பேசுகிற குரலில் பேசினாள். அதைவிட அருவருப்பு, அவள் கேட்ட கேள்விக்கு எனக்கும் உடனே பதில் தெரியாமல் போனது.

பாவாயிக்குத் தெரிந்திருந்தது. தெய்வானை வாசலை விட்டு இறங்கி, வாய்க்கால் பலகை மேல் துப்பிவிட்டுச் சொன்னாள்: "நாய்க்கு வீடு தேடுனனே தவிர, வீட்டுல யாரு இருக்கறான்னு பாக்கல. இப்பப் பாத்துட்டன். இந்த நாயக் குடுக்கறதா இருந்தா அந்தப் புள்ளைகிட்டத்தான் குடுக்கோணும். அந்த வீட்டுல இல்ல. வெளிய."

சாமியப்பன் கோயில் கூட்டத்துக்குப் போகிற செவ்வாய்க்கிழமை மதியம், அர்த்தநாரி கட்டிலருகே என் சம்சாரத்தை உட்காரவைத்துவிட்டு, நானும் பாவாயியும் மறுபடி போனோம். பாவாயி வட்டத்துக்குள் நின்று ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள்: வெளியே வா. செல்வராணி கேட்டாள்: எங்கே? பாவாயி சொன்னாள்: நாமக்கல் பக்கம் என் தங்கச்சி வேலை செய்கிற கோழிப்பண்ணை, முட்டை பொறுக்க ஆள் கேட்கிறார்கள், தங்க ரூம் உண்டு. செல்வராணி கேட்டாள்: ஊரு என்ன சொல்லும்? பாவாயி நாயைக் காட்டினாள். செல்வராணி ஜன்னலை விட்டு உள்ளே போனாள். அப்புறம் கதவு திறந்தது. கையில் ஒரு துணிப்பை, காலில் செருப்புக்கூட இல்லை. நாய் தானாக எழுந்து அவள் முழங்காலை உரசிக்கொண்டு நின்றது. பூங்கா வீதி முறை வைத்துச் சோறு போடுவதை எப்போதோ மறந்துபோய்விட்டதாம், அவள்தான் தன் தட்டிலிருந்து போட்டுக்கொண்டிருந்தாளாம், இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவளும் பாவாயியும் நடுவில் நாயும் தெருவில் நடந்தார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். அவர்கள் கடந்த வீடுகளிலெல்லாம் டி.வி. ஊமையாகி மறுபடி பேசியது, மிக்ஸி ஊமையாகி மறுபடி கத்தியது. ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் வாயெல்லாம் அசைந்தது. பட்டறைக்காரனுக்கு உதடு படிக்கத் தெரியும், படித்தேன்: பொம்பளைன்னா அனுசரிச்சுப் போகோணும். புருஷன் இல்லாத நேரம் பாத்து. நாய எங்கடி கொண்டு போற. நாய விட்டுட்டுப் போ. இந்தக் கடைசி வார்த்தையைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள். செல்வராணிக்கும் படிக்கத் தெரியும், ஆனால் அவள் தரையைப் பார்த்து நடந்தாள், ஒரு சொல்லும் அவள் மேல் படவில்லை, காதுக்குப் பக்கத்தில் வந்து செத்து விழுந்தன, தறியடியில் விழுகிற பஞ்சு மாதிரி.

தெரு முனையில் சாமியப்பனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். இறங்கினான், மெதுவாகப் பேசுகிற அந்த மனுஷன், வட்டத்துக்குள் வந்தான், வாயைத் திறந்தான். அப்புறம் அவன் செய்தது, அந்த வீதி அவனுக்கு இத்தனை நாளாகப் பழக்கிவிட்ட தப்பு. சத்தம் இல்லாத இடத்தில் என்ன செய்தாலும் வெளியே தெரியாது என்று அவன் உடம்பே நம்பிவிட்டிருந்தது. நடுத் தெருவில், பட்டப்பகலில், இருபுறமும் ஜனம் நிற்க, அவள் முடியைப் பிடித்துச் சுற்றிக் கன்னத்தில் அறைந்தான், விழுந்தவள் விலாவில் உதைத்தான். ஒரு சின்னச் சத்தமும் இல்லை. அத்தனை கண்ணும் பார்த்தது.

கேட்கவில்லை என்று சொல்ல இனி வழியில்லை. அதற்கு அந்த வீதி என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொருத்தராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தெய்வானை வீட்டுக் கதவு, அதற்கடுத்த கதவு, அதற்கடுத்தது, அவசரமாக அறைந்து சாத்திய கதவுகள், ஒன்றும் கேட்கவில்லை, பூ மூடிக்கொள்கிற மாதிரி மூடிக்கொண்டன. தூ.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு அவன் இடுப்பைப் பிடித்தேன். பாவாயி அவன் கையைக் கடித்தாள். செல்வராணி தானாகவே எழுந்தாள். அவன் கத்தினான், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான், கத்தக் கத்தத் தன் குரல் தனக்கே கேட்காததை அப்போதுதான் கவனித்தான். இதற்கு முன்னால் அவனுக்கு அது தேவைப்பட்டிருக்கவில்லை, அடி போதுமாக இருந்தது. இப்போது கையை நான் பிடித்திருக்க, வாயும் இல்லாமல் போக, கரையில் போட்ட கெளுத்தி மீன் மாதிரி அவன் வாய் மட்டும் திறந்து மூடியது. செல்வராணி திரும்பி நின்று அதைப் பார்த்தாள். கோபத்தோடு அல்ல, தட்டில் செத்துக் கிடக்கிற பூச்சியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு நாயின் முதுகில் கை வைத்துக்கொண்டு நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நாமக்கல் பஸ் நின்றிருந்தது. நாயை ஏற்றக் கூடாது என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார், யாருக்கும் கேட்கவில்லை, அவருக்கே அலுத்துப்போய் விசிலை ஊதினார், அதுவும் கேட்கவில்லை, டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். இன்ஜின் சத்தமும் ஹாரனும் இல்லாமல், ஆற்றில் மிதக்கிற பரிசல் மாதிரி அந்த பஸ் போனது.

அப்புறம் பாவாயியின் தங்கச்சி போனில் சொன்னாள். ஆயிரக்கணக்கான கோழி இரைகிற கொட்டகைக்குள் செவத்தா போய்ப் படுத்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்வதை நிறுத்திவிடுகின்றனவாம், பண்ணைக்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம். நாய் கழுத்தில் கை போட்டுக்கொண்டுதான் செல்வராணி தூங்குகிறாளாம். தூக்கத்தில் வாய் திறந்து கத்துவது போல இருக்கிறதாம், பார்க்கிறவர்கள் தொட்டு எழுப்புகிறார்களாம்.

ஒரு மாசம்கூட ஆகவில்லை, பூங்கா வீதியிலிருந்து பட்டறைக்கு நாலு பேர் வந்தார்கள். தெய்வானையும் வந்திருந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பஞ்சு மூக்கில் ஏறாமல் முந்தானையை வைத்துக்கொண்டு, தறி நின்றிருந்த சாப்பாட்டு நேரமாகப் பார்த்து, பாவாயியிடம் வந்தார்கள். சாமியப்பன் வேறு பெண் பார்த்துவிட்டாராம், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணமாம்.

"அதான் முன்கூட்டியே பேசி வெச்சுக்கலாம்னு" என்றாள் தெய்வானை. "அந்த நாயோட ஆத்தா இன்னும் இங்கதானே கெடக்குது? வேற குட்டி ஏதாச்சும் இருக்குதா பாவாயி?"

"இருக்குதுங்களே" என்றாள் பாவாயி, குழலில் நூலைச் சுற்றிக்கொண்டே. "போன மாசம்தான் நாலு குட்டி போட்டுது. தறிக்கடியில விடாம எங்கூட்டுக்குப் பின்னால வெச்சு வளக்கறன். நாலுக்கும் காது கணீர்னு கேக்கும். ஒரு எல அசஞ்சாப் போதும், வீதியே எந்திரிக்கற மாதிரி குலைக்கும். எத்தனை வேணும், எடுத்துக்கறீங்களா?"

வந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வேண்டாமென்று தலையாட்டினார்கள். பிறகு வெளியே போய், அவசரமில்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.